கிளட்சுக்காக வாங்கும் கியர் ஆயில்: ட்ரயல்ஸ் பைக் புதியவர்களுக்கு

ட்ரயல்ஸ் பைக் புதிதாக வாங்கியவர்கள் கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி விசாரிக்கும்போது பெரும்பாலும் கியர் பற்களை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். பற்கள் தேயக் கூடாது; ஆகவே கெட்டியான, விலை கூடிய ஆயிலாகப் பார்த்து ஊற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த எண்ணத்தால் பெரிய கேடு வந்துவிடாது. ட்ரயல்ஸ் பைக்கில் வரும். இந்த வண்டிக்கு ஆயில் தேர்ந்தெடுப்பது கிளட்சுக்காக. கியர் பற்கள் தரமான எந்த ஆயிலிலும் பல்லாண்டு பிழைத்துக்கொள்ளும். கிளட்ச் அப்படியல்ல, பொருந்தாத ஆயிலை ஊற்றிய அன்றே முரண்டு பிடிக்கும்.

காரணம் போட்டியின் இயல்பிலேயே இருக்கிறது. ட்ரயல்ஸில் வேகத்துக்குப் புள்ளி கிடையாது. பாறை, ஓடை, வழுக்கும் வேர், செங்குத்து மேடு எனக் கொடி கட்டிக் குறித்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 தண்டப்புள்ளி, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, பகுதியை முடிக்க முடியாமல் போனால் 5. ஓட்டுபவர் பெரும்பாலும் முதல் இரண்டு கியர்களிலேயே இருப்பார். ஒற்றை விரலால் கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாக நாள் முழுவதும் போகும். பிடித்த நொடியில் பின்சக்கரத்துக்குப் போகும் விசை முழுவதும் அறுபட வேண்டும். அறுபடாமல் வண்டி ஓரங்குலம் ஊர்ந்தாலும் பாறை விளிம்பில் நிலை குலைந்து கால் தரைக்கு வந்துவிடும். விட்ட நொடியில், விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே விசை போய்ச் சேர வேண்டும். இந்த ஒழுங்கு காலையில் முதல் பகுதியிலும், கிளட்ச் சூடேறிக் கிடக்கும் மாலையின் கடைசிப் பகுதியிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கிளட்சுக்குள் ஒன்றையொன்று அழுத்தி விசையைக் கடத்தும் பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஆயில்தான் இதில் பாதியைத் தீர்மானிக்கிறது.

முதல் படி: ஆயில் எங்கெல்லாம் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்றைய ட்ரயல்ஸ் பைக்குகளில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். ஸ்பெயினின் காஸ் காஸ், ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஜோர்டி தார்ரெஸ் தொடங்கிய டிஆர்ஆர்எஸ், இத்தாலியின் பீட்டா, பிரான்ஸின் ஷெர்கோ எல்லாவற்றிலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் உயவு தருவது பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில். அது எரிந்து புகையாகப் போய்விடும். கியர்பாக்ஸில் ஊற்றும் ஆயில் வேறு. அது கியர்களையும், என்ஜினிலிருந்து கிளட்சுக்கு விசை தரும் பிரைமரி கியரையும், கிளட்ச் பிளேட்டுகளையும் ஒரே குளியலில் நனைக்கிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு: 2டி ஆயிலுக்கு ஒரு தொட்டி, கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். இரண்டையும் ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. ஆர்எக்ஸ் 100-இல் பம்ப் கலந்து தந்ததை ட்ரயல்ஸ் பைக்கில் நாமே பெட்ரோலோடு கலக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எரிபொருள் கரியோ புகையோ இந்த ஆயிலைத் தொடுவதில்லை. எனவே கரியைக் கழுவிச் சுமக்கும் வேலை இதற்கு இல்லை. மறுபக்கம், அளவு மிகக் குறைவு. காஸ் காஸ் டிஎக்ஸ்டி ப்ரோவுக்கு ஏறக்குறைய 350 மில்லி, பீட்டா எவோ டூ ஸ்ட்ரோக்குக்கு ஏறக்குறைய 550 மில்லி. ஒரு தம்ளர், இரண்டு தம்ளர் கணக்குதான். கிளட்ச் உராய்வில் பிறக்கும் சூடு முழுவதையும் இந்தச் சிறிய அளவே தாங்க வேண்டியிருப்பதால் ஆயில் விரைவில் களைத்துப்போகிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கவனம் கூடுதலாக வேண்டும். டோனி போ 2007-இல் தன் முதல் உலகப் பட்டத்தை வென்ற மாண்டெசா கோட்டா 4ஆர்டி வண்டியில் என்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் இன்னொரு ஆயில். இரண்டு ஊற்றும் துளைகள், இரண்டு அளவுகள். எது எதற்கு என்று கையேட்டில் பார்த்துவிட்டே மூடியைத் திறவுங்கள்.

பழைய வண்டி வாங்கியவர்களுக்கு வேறு கதை. 1965-இல் சாமி மில்லர் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயலை வென்று டூ ஸ்ட்ரோக்கின் காலத்தைத் தொடங்கிவைத்த புல்டாக்கோ ஷெர்ப்பாவில் கிளட்ச் அறை தனி, கியர்பாக்ஸ் அறை தனி. கிளட்ச் இல்லாத அறைக்குக் கெட்டியான கியர் ஆயில் ஊற்றலாம். கிளட்ச் அறைக்கு மெல்லிய ஆயில். அதற்கும் முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் இதே பிரிவினை உண்டு. ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் அதே ஸ்காட்டிஷ் போட்டியை ராயல் என்ஃபீல்டில் வென்றார். அந்தக் குடும்பத்து வண்டிகளின் ஆல்பியன் கியர்பாக்ஸும், சென்னையில் நெடுங்காலம் உற்பத்தியான வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டின் கியர்பாக்ஸும் நெருங்கிய உறவு. புல்லட் மெக்கானிக்குகள் அந்தப் பெட்டிக்குக் கிரீஸும் 90 கியர் ஆயிலும் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது சரி, ஏனென்றால் கிளட்ச் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதே பழக்கத்தை இன்றைய ஷெர்கோவுக்கு எடுத்துவந்தால் கிளட்ச் கெட்டுவிடும்.

2019-இல் ராயல் என்ஃபீல்டு இந்தியாவில் விற்ற புல்லட் ட்ரயல்ஸ் 350, 500 வண்டிகளை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகலாம். அவை ட்ரயல்ஸ் தோற்றம் கொண்ட சாலை வண்டிகள். என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே என்ஜின் ஆயில். நிறுவனம் சொல்லும் தரத்தை மட்டும் ஊற்றினால் போதும்.

இரண்டாம் படி: கையேடு

வண்டியின் கையேட்டில் மூன்று செய்திகள் இருக்கும்: ஆயிலின் தரம், அளவு, மாற்ற வேண்டிய இடைவெளி. பழைய வண்டியோடு கையேடு வராவிட்டாலும் பெரும்பாலான நிறுவனங்களின் கையேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆண்டும் மாடலும் பொருந்துகிறதா என்று பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். கையேடு குறிப்பிடும் ஆயில் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது என்றால் அதையே வாங்குங்கள். புதியவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அந்த ஆயிலில் சில மாதம் ஓட்டிக் கிளட்ச் எப்படி இருக்கிறது என்று விரலுக்குப் பழக்கிய பிறகு மாற்றுகளைத் தேடலாம்.

மூன்றாம் படி: டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். கடைக்காரர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். எனவே சற்று நின்று பார்ப்போம்.

முதலில் எண்கள். ஒரு டப்பாவில் 75டபிள்யூ என்றும் இன்னொன்றில் 10டபிள்யூ-40 என்றும் இருந்தால், 75 பெரிய எண் என்பதால் அதுதான் கெட்டி என்று தோன்றும். உண்மை தலைகீழ். ஆயிலின் கெட்டித்தன்மைக்குத் தரம் வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பு என்ஜின் ஆயிலுக்கு ஓர் அளவுகோலும் கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருக்கிறது. இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் 100 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (எண் கூடினால் கெட்டி) என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தகவல் தாளில் தருகின்றன. கியர் ஆயில் கணக்கில் நெடுங்காலம் 75டபிள்யூ என்பதற்குக் குறைந்தபட்சம் 4.1, 80டபிள்யூ என்பதற்குக் குறைந்தபட்சம் 7 என்று இருந்தது. என்ஜின் ஆயில் கணக்கில் 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. ஆகவே 80டபிள்யூ கியர் ஆயில் என்ஜின் ஆயிலின் 20, 30 வரிசையில் வரும். 90 கியர் ஆயில் 13.5 முதல் 18.5 வரை இருப்பதால் என்ஜின் ஆயிலின் 40, 50 வரிசை. ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸ் திரவமான ஏடிஎஃப், டெக்ஸ்ரான் 3 தரத்தில் ஏறக்குறைய 7-இல் நிற்கும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? கிளட்சைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவே விலகுகின்றன. அந்த இடைவெளியில் ஆயில் கெட்டியாக இருந்தால், ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல் ஒரு பிளேட் இன்னொன்றை இழுத்துக்கொண்டே சுற்றும். வண்டி ஊரும், நியூட்ரல் விழாது, குளிர்ந்த காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி முன்னால் பாயும். மெல்லிய ஆயில் சட்டென்று விலகிக் கொடுக்கும். எனவேதான் ட்ரயல்ஸில் மெல்லிய பக்கத்துக்கு மதிப்பு. கியர் பற்கள் தாங்குமா என்ற கவலை வேண்டாம். இவை நேர்ப்பல் கியர்கள். கார்களின் பின் அச்சில் இருப்பதுபோல் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கித் தேய்க்கும் அமைப்பு இங்கே இல்லை.

அடுத்து எழுத்துகள். ஜாசோ எம்ஏ, எம்ஏ2, எம்பி என்று டப்பாவின் பின்புறம் சிறு கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஒரு ஆயில் பொருந்துமா என்று உராய்வை அளந்து சொல்வதற்காக ஜப்பானியர்கள் 1998-இல் கொண்டுவந்த தரம் இது. எம்ஏ பொருந்தும். 2006-இல் எம்ஏ பிரிவை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் உராய்வு கூடுதல், கிளட்ச் பிடிப்பு உறுதி. எம்பி என்பது உராய்வைக் குறைத்த ஆயில். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அது நல்லது, நமக்கு ஆகாது. என்ஜின் ஆயில் வகையில் ஒன்றை வாங்குவதானால் எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்ற ஜாசோ எழுத்துகள் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலுக்கானவை. கியர்பாக்ஸுக்கு அவை ஒன்றும் சொல்லவில்லை.

கார் என்ஜின் ஆயிலைத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற எரிபொருள் சேமிக்கும் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள், சிலவற்றில் மாலிப்டினம், கலந்திருக்கும். காருக்கு மைலேஜ் கூடும். இங்கே கிளட்ச் நழுவும். ஒருமுறை அந்தச் சேர்மானம் பிளேட்டின் உராய்வுப் படலத்தில் ஊறிவிட்டால், ஆயிலை மாற்றினாலும் முழுவதும் போகாது. தனியாக விற்கும் உராய்வு நீக்கிச் சேர்மானங்களையும் அதே காரணத்துக்காக ஒதுக்குங்கள்.

கடைசியாக ஜிஎல்-4, ஜிஎல்-5. இவை கியர் ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ தரும் வகைகள். ஜிஎல்-5 என்பது லாரி, ஜீப் பின் அச்சுகளுக்கானது. கடும் அழுத்தம் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் அதில் அதிகம். அவற்றில் சில, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடியவை. கிளட்ச் பிளேட்டுகளை மனத்தில் வைத்தும் அந்த ஆயில் தயாரிக்கப்படவில்லை. எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-5 உயர்ந்த தரம் என்று நம்பி வாங்குவது அடிக்கடி நடக்கிறது. கிளட்சும் கியரும் ஒரே குளியலில் இருக்கும் வண்டிக்கு அது வேண்டாம்.

நான்காம் படி: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் பரிந்துரை, டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ், ட்ரயல்ஸ் வண்டிகளுக்கென்றே தயாரித்த கியர்பாக்ஸ் ஆயில். மோட்டுல் டிரான்ஸ்ஆயில் 10டபிள்யூ-30, டிரான்ஸ்ஆயில் எக்ஸ்பர்ட் 10டபிள்யூ-40, பெல்ரே கியர் சேவர் 75டபிள்யூ, 80டபிள்யூ, புட்டோலைன் ஜிபி10, சில்கோலின் லைட் கியர் ஆயில், எல்ஃப் எச்டிஎக்ஸ் 740 போன்றவை இந்த வரிசையில் பலகாலம் பேர் பெற்றவை. ஆயிலில் நனையும் கிளட்சைக் கணக்கில் வைத்தே இவற்றைத் தயாரிக்கிறார்கள். ஒரு லிட்டர் விலை கூடுதலாகத் தோன்றும். 350 மில்லி கொள்ளும் வண்டிக்கு ஒரு லிட்டரில் இரண்டு முறை மாற்றலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது, ஏடிஎஃப். அமெரிக்காவில் காஸ் காஸ் ஓட்டுபவர்களிடம் இது நெடுநாள் வழக்கம். மலிவு, எங்கும் கிடைக்கும், மெல்லியது, கிளட்ச் பிளேட்டுகளோடு வேலை செய்வதற்கென்றே பிறந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ளும் ஆயிலில் நனைந்த கிளட்சுகள்தானே இருக்கின்றன. ஆனால் ஏடிஎஃப் எல்லாம் ஒன்றல்ல. ஃபோர்டு நிறுவனத்தின் பழைய டைப் எஃப் தரத்தில் உராய்வு குறைக்கும் சேர்மானம் இல்லை. கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும். பாறையில் தாவி ஏறப் பழகியவர்களுக்கு அது பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் 3 தரத்தில் பிடிப்பு மெதுவாக, படிப்படியாக வரும். புதியவருக்கு அது தோதானது. டெக்ஸ்ரான் 6 இன்னும் மெலிது. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கியர் படிகள் இல்லாத கார்களுக்கான சிவிடி திரவம், இரட்டை கிளட்ச் கார்களுக்கான டிசிடி திரவம் இரண்டும் வேறு பொருள்கள். பக்கத்து அலமாரியில் இருந்தாலும் எடுக்க வேண்டாம். கையேடு ஏடிஎஃப்பைக் குறிப்பிடாத வண்டியில், உத்தரவாதக் காலம் முடியும்வரை இந்தச் சோதனையைத் தள்ளிவைப்பது நல்லது.

மூன்றாவது, ஜாசோ எம்ஏ2 முத்திரை உள்ள 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 மோட்டார்சைக்கிள் என்ஜின் ஆயில். 1970-களின் யமஹா டிஒய்250 கையேடே 10டபிள்யூ-30 என்ஜின் ஆயிலைத்தான் சொல்லியது. இந்தியாவிலோ இலங்கையிலோ இறக்குமதி செய்த வண்டியை வைத்துக்கொண்டு தனி கியர் ஆயில் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இது தயக்கமில்லாமல் சொல்லக்கூடிய வழி. 20டபிள்யூ-50 வேண்டாம், அது கெட்டி.

வெயிலும் குளிரும் சிறிது பங்கு வகிக்கும். மே மாதத்தில்கூட விறைக்கும் ஸ்காட்லாந்து மலைகளில் 75டபிள்யூ போன்ற மெல்லிய ஆயில் காலையில் கிளட்சை உடனே விடுவிக்கும். கோடை வெயிலில் நாள் முழுவதும் ஓட்டுபவர், கையேடு அனுமதித்தால், 10டபிள்யூ-40 பக்கம் சாயலாம். இதற்கு மேல் யோசித்துக் குழம்ப வேண்டாம்.

வண்டிக்கு வண்டி கிளட்சின் குணமும் மாறும் என்பதைச் சொல்லியாக வேண்டும். காஸ் காஸ் ப்ரோவில் தட்டையான டயாஃப்ரம் ஸ்பிரிங்கும் மூன்றே உராய்வு பிளேட்டுகளும் இருப்பதால் ஆயில் மாற்றம் விரலில் உடனே தெரியும். பீட்டா எவோவில், வண்டி சில நாள் நின்றால் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வது அதை ஓட்டுபவர்களுக்குப் பழகிய விஷயம். உராய்வுத் துண்டுகளைச் சுற்றி வழிந்திருக்கும் மிகுதிப் பசையைச் சுரண்டி எடுப்பதுதான் அதற்கு உண்மையான மருந்து, ஆயில் ஓரளவே உதவும். நண்பருடைய வண்டியில் அற்புதமாக இருந்த ஆயில் உங்கள் வண்டியில் சாதாரணமாகத் தோன்றலாம். ஆயிலும் தவறில்லை, நண்பரும் தவறில்லை.

ஐந்தாம் படி: மாற்றும் முறை

பத்து நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சூடான ஆயில்தான் அடியில் தேங்கிய தூளையும் அடித்துக்கொண்டு வெளியே வரும். வண்டியை நேராக நிறுத்தி, அடியில் தட்டு வைத்து, முதலில் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். அது திறக்க மறுத்தால் ஆயிலை வடித்துவிட்டுத் திண்டாட நேரும். பிறகு டிரெயின் போல்ட். என்ஜின் அடித்தகட்டில் அதற்கென்று ஓட்டை இருக்கும். இல்லாவிட்டால் தகட்டைக் கழற்றுங்கள். வடிந்தபின் வண்டியை இருபுறமும் மெல்லச் சாய்த்தால் இன்னும் கொஞ்சம் வரும்.

டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் பசைபோல் இருந்தால் இயல்பான தேய்மானம். நகத்தில் பட்டு நெருடும் அளவு துணுக்குகள் இருந்தால் கியர் ஒன்று உடைகிறது என்று பொருள். ஆயில் ஊற்றுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் போங்கள்.

புதிய வாஷர் போட்டு போல்ட்டை முடுக்குங்கள். கேஸ் அலுமினியம், சில வண்டிகளில் மக்னீசியம். மரை எளிதில் அறுந்துவிடும். நீளமான ஸ்பேனரில் பலம் காட்டாமல், கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முடுக்குவதே சரி. புதிய ஆயிலை அளவுக் கோடு போட்ட குடுவையில் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு வேண்டாம், 350 மில்லி கொள்ளும் இடத்தில் 100 மில்லி கூடினாலே கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் (காற்று போய்வரும் குழாய்) வழியாக வெளியே வரும், கிளட்சும் இழுக்கும். பக்கத்தில் கண்ணாடி வட்டம் உள்ள வண்டியில், என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து, வண்டியை நேராகப் பிடித்து மட்டம் பாருங்கள். பக்கத் தாங்கியில் சாய்ந்திருக்கும்போது பார்க்கும் மட்டம் பொய் சொல்லும்.

பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். நாம் ஓட்டுவது ஓடையிலும் காட்டிலும். அந்த மண்ணில் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? கையேட்டின் இடைவெளியை அதிகபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வண்டியிலும் புதிய கிளட்ச் பிளேட் போட்ட வண்டியிலும் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகே மாற்றிவிட வேண்டும். ஆழமான நீரில் இறங்கினால் அன்று மாலையே திறந்து பாருங்கள். விலை உயர்ந்த ஆயிலை ஆண்டு முழுவதும் வைத்திருப்பதைவிட, சாதாரணமான, பொருத்தமான ஆயிலை அடிக்கடி மாற்றுவது இந்த வண்டிக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள்

வகை மாற்றும்போது முதல் நிரப்பலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிளட்ச் பிளேட்டுகளிலும் மூலை முடுக்குகளிலும் பழைய ஆயில் தங்கியிருக்கும். ஓரிரு முறை ஓட்டிவிட்டு மீண்டும் மாற்றிய பிறகே புதிய ஆயிலின் குணம் வெளிப்படும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆயிலையும் மாற்றி, கிளட்ச் லீவரின் இடைவெளியையும் திருகிவிட்டால் எது என்ன செய்தது என்று தெரியாது.

சமதரையில் என்ஜின் சூடான பிறகு முதல் கியர் போட்டு, கிளட்சை முழுவதும் பிடித்தபடி நில்லுங்கள். வண்டி முன்னால் ஊரக் கூடாது. அந்த நிலையில் மெல்ல ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் ஊரக் கூடாது. அடுத்து, நின்றபடியே நியூட்ரல் போட்டுப் பாருங்கள். சிரமமின்றி விழ வேண்டும். பிறகு ஒரு மேட்டில் உயர்ந்த கியரில் ஏறி ஆக்சிலரேட்டரை முழுவதும் திறவுங்கள். என்ஜின் இரைச்சல் ஏற, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கடைசியாக, ஒரு சிறு கல்லின் முன் முன்சக்கரத்தை நிறுத்தி, கிளட்சை விரல் அளவில் விட்டுவிட்டுப் பிடித்து, வண்டியை இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கப் பழகுங்கள். விசை ஒரே சீராக வருகிறதா, திடீரென்று கடிக்கிறதா என்று இதில் தெரிந்துவிடும். இதே சோதனைகளை ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு திரும்பச் செய்யுங்கள். சூட்டில் மாறாத ஆயில்தான் நமக்கு வேண்டியது.

குளிரில் பிளேட் ஒட்டியிருந்தால் என்ஜினை அணைத்து, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள், விடுபட்டுவிடும். அப்படி விடுபட்டு, என்ஜின் சூடான பிறகும் தொடர்ந்து இழுத்தால், ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் லீவரைப் பாருங்கள். இன்றைய ட்ரயல்ஸ் பைக்குகளில் கிளட்ச் ஹைட்ராலிக். திரவத்தில் காற்றுக் குமிழ் புகுந்தாலும் கிளட்ச் முழுவதும் விடுபடாது. அந்தத் திரவம் சில வண்டிகளில் டாட் 4 பிரேக் ஆயில், சிலவற்றில் மினரல் ஆயில்; மூடியின்மேல் எது என்று எழுதியிருக்கும். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

பழைய ஆயில் சொல்லும் செய்தி

வடித்த ஆயிலைத் தட்டிலேயே சில நிமிடம் நின்று பாருங்கள். சாம்பல் நிறமாக, வெள்ளித் தூள் மினுங்க இருந்தால் கிளட்ச் பகுதிகளின் தேய்மானம். மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பிளேட்டின் தடிமனை ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. சூடான கியர்பாக்ஸோடு ஓடையில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே நீரை உறிஞ்சும். அந்தக் குழாயின் நுனி பெட்ரோல் தொட்டிக்கு அடியில், உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றொன்று வாட்டர் பம்ப். பெரும்பாலான ட்ரயல்ஸ் பைக்குகளில் அதன் தண்டு கிளட்ச் மூடிக்குள்ளிருந்தே சுழல்கிறது. அதன் சீல் தேய்ந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். ரேடியேட்டரில் நீர் குறைந்து, ஆயில் மட்டம் ஏறியிருந்தால் இதுதான். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் உராய்வுப் படலத்தைக் கெடுப்பதால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சீலை மாற்றி, மலிவான பொருத்தமான ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி வடித்து, அது தெளிவாக வரும்வரை திரும்பச் செய்து, கடைசியில் நல்ல ஆயிலை ஊற்றுங்கள்.

ஊற்றியதைவிடக் குறைவாக வடிந்து, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லையென்றால் என்ஜினே அதைக் குடித்திருக்கிறது. கிராங்க் அறைக்கும் கிளட்சுக்கும் நடுவே உள்ள சீல் தளர்ந்தால், பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் கிராங்க் அறை அந்த ஆயிலை உறிஞ்சும். புகை வழக்கத்தைவிட அடர்த்தியாக இருக்கும், ஸ்பார்க் பிளக் எண்ணெய் படிந்து நனையும். சில வேளை எதிர்த்திசையிலும் நடக்கும்; அப்போது வடித்த ஆயிலில் பெட்ரோல் வாடை வரும். இரண்டிலும் ஆயில் வகையை மாற்றிப் பயனில்லை. கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீலைப் புதிதாகப் போட்ட பிறகே அடுத்த டப்பாவைத் திறவுங்கள்.